நாணயம் என்றால் காசு மட்டுமா?

சென்ற மாசி மாதம் ஒரு நாள் காலை. கடையைத் திறந்து சாம்பிராணி காட்டி முடித்த நேரம். கயத்தாறு பக்கத்துக் கிராமத்திலிருந்து வாடிக்கையாக வரும் வயதான அம்மாள் ஒருவர் கால் கிலோ உளுந்தம் பருப்பும் ஒரு குளியல் சோப்பும் வாங்கினார். சுருக்குப் பையை அவிழ்த்து ஏழு பத்து ரூபாய்க் காசுகளை எண்ணி வைத்தார். நம் கடைப் பையன் அவற்றைக் கையாலேயே தொடவில்லை.

"ஆச்சி, பத்து ரூபாய்க் காசு ஓடாது. நோட்டு இருந்தாக் குடுங்க" என்றான்.

அந்த அம்மாள் கோபப்படவில்லை. அவனைப் பார்க்காமல் கல்லாவில் இருந்த என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஏன் அண்ணாச்சி, போன வாரம் ஒங்க கடையிலதான் மிச்சத்துக்கு இதைக் குடுத்தீய. குடுக்கையிலே ஓடுற துட்டு வாங்கையிலே ஓடாதா?"

எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. எழுந்து போய்க் காசை வாங்கிக் கல்லாவில் போட்டுக்கொண்டு மன்னிப்பும் கேட்டேன். ஆனால் அந்தக் கேள்வி அன்று முழுவதும் மனத்தை விட்டு அகலவில்லை. நாணயத்தை வாங்க மறுத்தது நம் கடை. அப்படியானால் நாணயம் தவறியது யார்?

வணிகப் பெருமக்கள் இந்த வாக்கியத்தை இன்னொரு முறை படித்துப் பார்க்க வேண்டும். தமிழில் காசுக்கும் நாணயம் என்றுதான் பெயர். நேர்மைக்கும் நாணயம் என்றுதான் பெயர். அது மட்டுமன்று. "அந்த முதலாளிக்கு மார்க்கெட்டில் நல்ல நாணயம் உண்டு" என்று சொல்லும்போது, அவரை நம்பி எவ்வளவு சரக்கும் கடனுக்கு அனுப்பலாம் என்பது பொருள். உலோகம், ஒழுக்கம், கடன் மதிப்பு ஆகிய மூன்றும் ஒரே சொல்லில் அடங்கிவிட்டன. இது எப்படி வந்தது, இதனால் நமக்கு என்ன என்பதைப் பற்றிச் சிறிது பேசலாம்.

சொல் வந்த வழி

வடமொழியில் காசைக் குறிக்க 'நாணகம்' என்று ஒரு சொல் உண்டு. நம் 'நாணயம்' அந்த வழியில் வந்தது. அந்த நாணகத்துக்கும் மூலம் தேடிய அறிஞர்கள் சிலர், அது ஒரு தெய்வத்தின் பெயர் என்று கருதுகிறார்கள். சுமார் 1,900 ஆண்டுகளுக்கு முன் வட இந்தியாவை ஆண்ட குஷாண மன்னர் கனிஷ்கரின் காசுகளில் 'நானா' என்ற பெண் தெய்வத்தின் உருவமும் பெயரும் பொறிக்கப்பட்டிருந்தன. மேற்கு ஆசியாவிலிருந்து வந்த தெய்வம் அது. காசின் மேல் இருந்த பெயரே காசுக்குப் பெயராகிவிட்டது என்பது அவர்கள் கருத்து.

காசைக் குறித்த சொல் நேர்மையைக் குறிக்கும் சொல்லாக மாறியதற்குக் காரணம் ஊகிக்கக் கூடியதே. அந்தக் காலத்துக் காசு இன்றைக்குப்போல் அரசாங்கம் சொன்ன விலைக்குச் செல்லவில்லை. அதில் உள்ள பொன்னுக்கும் வெள்ளிக்கும் தக்கபடிதான் சென்றது. மாற்றுக் குறையாமல், எடை குறையாமல், ஓரம் சுரண்டப்படாமல் இருந்தால்தான் அது நல்ல காசு. அப்படிப்பட்ட காசைப்போல உள்ளும் புறமும் ஒன்றாக இருக்கும் மனிதனை நாணயமானவன் என்றார்கள். எதிர்ப்பக்கமும் உண்டு: ஒன்றுக்கும் உதவாதவனை இன்றும் 'செல்லாக்காசு' என்கிறோம்.

பெயர் கொடுத்த மக்கள்

ஒரு சொல் பல பொருளைத் தாங்குவது நம்மிடம் மட்டும் உள்ள வழக்கமன்று. தென் அமெரிக்காவில் பராகுவே என்று ஒரு நாடு. அங்கே 'குவாரனி' என்றால் மூன்று பொருள். முதலாவது, ஐரோப்பியர் வருவதற்கு முன்பே அந்த மண்ணில் வாழ்ந்த பழங்குடி மக்கள். இரண்டாவது, அவர்கள் பேசும் மொழி. மூன்றாவது, அந்த நாட்டின் செலாவணி. 1943-ல் பழைய பெசோவை எடுத்துவிட்டு, நூறு பெசோவுக்கு ஒரு குவாரனி என்று மாற்றி, நாட்டின் ஆதி மக்களின் பெயரையே பணத்துக்கு வைத்தார்கள்.

இந்த மூன்றில் எது எப்படி இருக்கிறது என்பதுதான் நமக்குப் பாடம். பணத்தின் மதிப்பு விலைவாசி ஏற்றத்தால் கரைந்தது. 2024-ல் ஒரு அமெரிக்க டாலர் வாங்க ஏழாயிரம் குவாரனிக்கு மேல் கொடுக்க வேண்டியிருந்தது. குவாரனியின் நூறில் ஒரு பங்கான 'சென்டிமோ' புழக்கத்திலிருந்தே மறைந்துவிட்டது. பெயர் கொடுத்த பழங்குடி மக்களோ இன்று அந்த நாட்டு மக்கள் தொகையில் மிகச் சிறு பங்கினர். நிலத்தைப் பறிகொடுத்தவர்களும் அவர்களில் பலர். ஆனால் மொழி மட்டும் நிலைத்தது. பழங்குடி அல்லாத பெரும்பாலோரும் வீட்டிலும் சந்தையிலும் அதைப் பேசுகிறார்கள். 1992-ஆம் ஆண்டு அரசியல் சட்டம் ஸ்பானிய மொழியோடு குவாரனியையும் ஆட்சிமொழி ஆக்கியது. காசில் பொறித்த பெயர் தேய்ந்தாலும், மக்கள் வாயில் புழங்கிய பெயர் தேயவில்லை.

நம் வாயில் புழங்கும் பழைய காசுகள்

அதே கதை நம் கரிசல் பூமியிலும் உண்டு. நம் கடைகளில் நாள் முழுதும் புழங்கும் சொற்களில் பல, செத்துப்போன காசுகளின் பெயர்களே.

'பணம்' என்பது முதலில் ஒரு தனிக் காசின் பெயர். அரை கிராம் எடைகூட இல்லாத சிறு பொற்காசு அது. வெள்ளைக்காரர்கள் அதை 'பனம்' என்று எழுதி வைத்தார்கள். 'காசு' என்பதும் அப்படியே. சோழர் கல்வெட்டுகளில் காசு உண்டு. கம்பெனியார் கணக்கில் மிகச் சிறிய செப்புக் காசுக்கும் அதே பெயர்தான். இந்தச் சொல்லைத்தான் போர்த்துக்கீசியர் வழியாக ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டு, அந்தச் செப்புக் காசை 'கேஷ்' என்றார்கள்.

அந்த நாளில் சென்னைக் கணக்குப்படி 80 காசு ஒரு பணம். 42 பணம் ஒரு வராகன். 1818-ல் கம்பெனியார் ரூபாயையே நிலையான செலாவணி ஆக்கி, ஒரு வராகனுக்கு மூன்றரை ரூபாய் என்று கணக்குத் தீர்த்தார்கள். பேரேடு எழுதிய நம் முன்னோர் அந்த ஆண்டு எவ்வளவு சிரமப்பட்டிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

மேற்கே மலையைத் தாண்டினால் திருவிதாங்கூர் சமஸ்தானம். செங்கோட்டையும் கன்னியாகுமரிப் பகுதியும் 1956 வரை அந்தப் பக்கம்தான் இருந்தன. அங்கே 'சக்கரம்' என்ற காசு. 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். பழைய வெள்ளிச் சக்கரம் மிகச் சிறியதாக இருந்ததால் கையால் எண்ண முடியாது. குழிகள் வெட்டிய மரப்பலகையில் கொட்டி, குலுக்கி, குழிக்கு ஒன்றாக நிரப்பி எண்ணினார்கள். அதற்குச் 'சக்கரப் பலகை' என்று பெயர்.

இனி, அந்த அம்மாள் சொன்ன 'துட்டு'. இது டச்சுக்காரர்களின் 'டொய்ட்' என்ற செப்புக் காசு. 1658-ல் போர்த்துக்கீசியரிடமிருந்து தூத்துக்குடியைப் பிடித்த டச்சுக்காரர்கள், இடையில் சில காலம் தவிர, 1825 வரை அங்கே இருந்தார்கள். துணி, முத்து, சங்கு என்று வியாபாரம் செய்தார்கள். அவர்கள் போய் இரண்டு நூற்றாண்டு ஆகிறது. ஆனால் கரிசல் காட்டில் களை எடுக்கும் பெண்ணும் 'துட்டு' என்றுதான் சொல்கிறாள். இதில் ஒரு வியப்பு: டச்சுக்காரர்கள் ஆண்ட கீழ்த்திசைத் தீவுகளிலும் அந்தக் காசு புழங்கியது. இன்றும் மலாய் மொழியிலும் இந்தோனேசிய மொழியிலும் பணத்தைப் பேச்சு வழக்கில் 'டூயிட்' என்கிறார்கள். கோவில்பட்டியிலிருந்து ஒருவர் மலேசியாவுக்குப் போய்த் துட்டு என்றால், கிட்டத்தட்டப் புரிந்துவிடும்!

'சல்லி'யும் இந்த வரிசையில் சேர்ந்ததே. சிறு செப்புக் காசான சல்லி நம்மிடம் "சல்லிக்காசு பெறாது" என்ற வசவில் மிஞ்சியிருக்கிறது. இலங்கையிலோ, கையில் உள்ள பணம் எல்லாமே சல்லிதான்.

1957 ஏப்ரல் முதல் தேதி அணா போய் நயா பைசா வந்தது. பதினாறு அணாவை நூறு பைசாவாகப் பிரித்ததில் ஓர் அணா 6¼ பைசா ஆயிற்று. கால் பைசாவை யார் கொடுப்பது? அரசாங்க அட்டவணைப்படி ஓர் அணா 6 பைசா, நாலணா 25 பைசா. ஓரணாச் சாமானை நாலு தடவை தனித்தனியாக வாங்கினால் 24. ஒரே தடவையாக வாங்கினால் 25. அந்த ஒரு பைசாவுக்காகக் கடைக்குக் கடை நடந்த வழக்குகளைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அணா போனது, 'எட்டணா' மட்டும் ஐம்பது பைசாவுக்குப் பெயராக இன்னும் இருக்கிறது.

தீப்பெட்டி ஒரு காசுக்கோல்

காசு எப்படிச் சிறுத்தது என்பதை அறிய நம் ஊர்க்காரர்களுக்குப் பொருளாதாரப் புத்தகம் வேண்டாம். கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி வட்டாரத்துத் தீப்பெட்டி போதும். தீப்பெட்டியின் விலை எப்போதும் ஒரு முழுக் காசு. நாலணாவுக்கு விற்ற காலம் உண்டு; எட்டணாவுக்கு விற்ற காலம் உண்டு. 2007-ல் ஐம்பது பைசாவிலிருந்து ஒரு ரூபாய் ஆயிற்று. அதன்பின் பதினான்கு ஆண்டுகள் மூலப்பொருள் எல்லாம் ஏறியும் விலை ஏறவில்லை. 2021 டிசம்பர் முதல் தேதியிலிருந்துதான் இரண்டு ரூபாய்.

நடுவில் ஒன்றே கால், ஒன்றரை என்று ஏற்றியிருக்கலாமே என்று வெளியூரார் கேட்பார்கள். கடைக்காரருக்குக் காரணம் தெரியும். கால் ரூபாய்க்குக் காசு ஏது? 25 பைசாவும் அதற்குக் கீழான காசுகளும் 2011 ஜூன் 30-ஆம் தேதியோடு செல்லாமல் போயின. ஐம்பது பைசா சட்டப்படி இன்றும் செல்லும். ஆனால் கடையில் யாரும் கண்ணால் காண்பதில்லை. காசு இல்லாத விலைக்குச் சரக்கு விற்க முடியாது. சில்லறைதான் விலையைத் தீர்மானிக்கிறது.

அந்தச் சில்லறை கிடைக்காதபோது நாம் என்ன செய்தோம் என்பதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். மிச்சத்துக்கு மிட்டாயும் தீப்பெட்டியும் கொடுத்தோம். வாடிக்கையாளர் அதே மிட்டாயைத் திருப்பிக் கொடுத்தால் வாங்கிக்கொள்வோமா? மாட்டோம். கொடுக்கும்போது காசு, வாங்கும்போது காசு இல்லை. கயத்தாற்று அம்மாள் கேட்ட கேள்வி அப்போதும் நம் முன்னால் இருந்ததுதான், கேட்க ஆளில்லை.

ஓடும் காசு, ஓடாத காசு

பத்து ரூபாய் நாணயத்தின் விஷயம் இதுதான். வெள்ளை உலோகமும் மஞ்சள் உலோகமும் சேர்ந்த இந்தக் காசு 2009-ல் புழக்கத்துக்கு வந்தது. ரூபாய்க் குறியீட்டை 2010-ல் மத்திய அரசு ஏற்றது. அதை வடிவமைத்தவரும் தமிழரே. அதன் பிறகு வந்த காசுகளில் அந்தக் குறியீடு சேர்ந்தது. இப்படி வடிவம் மாறியபோது "குறியீடு இல்லாதது கள்ளக் காசு", "கோடு பத்து இருந்தால்தான் நல்லது" என்று வதந்தி கிளம்பிற்று. 2018 ஜனவரி 17-ஆம் தேதி ரிசர்வ் வங்கி வெளியிட்ட அறிக்கை தெளிவாகச் சொல்லிவிட்டது: அதுவரை 14 வடிவங்களில் பத்து ரூபாய் நாணயம் வெளிவந்துள்ளது, பதினான்கும் செல்லும். பின்னர் 2020-ல் புழக்கத்துக்கு வந்த, பன்னிரண்டு பக்கம் கொண்ட இருபது ரூபாய் நாணயமும் அப்படியே.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் கடைக்காரர்கள் அறிந்திருப்பது நல்லது. 2011-ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி, ஒரு ரூபாயும் அதற்கு மேற்பட்ட மதிப்பும் உள்ள நாணயங்கள் ஒரு கொடுக்கல் வாங்கலில் ஆயிரம் ரூபாய் வரை செல்லத்தக்கவை. ஐம்பது பைசா நாணயம் பத்து ரூபாய் வரை. ஆகவே, ஐயாயிரம் ரூபாய்ச் சரக்குக்கு மூட்டையாகச் சில்லறை கொண்டு வந்தால் முழுவதையும் வாங்கியே தீர வேண்டும் என்பதில்லை. ஆனால் எழுபது ரூபாய்க்கு ஏழு காசு வைத்தால் 'ஓடாது' என்று சொல்ல நமக்கு வழியில்லை.

"வாங்கி வைத்து நான் என்ன செய்வது? மொத்தக் கடையில் வாங்க மாட்டேன் என்கிறார்களே" என்று சில்லறை வியாபாரிகள் கேட்பது நியாயமே. வங்கியில் செலுத்தலாம். வாடிக்கையாளர் செலுத்தும் நாணயங்களுக்கு வங்கியில் வரம்பு இல்லை என்று ரிசர்வ் வங்கி விளக்கியிருக்கிறது. நூறு நூறாக எண்ணிப் பையில் கட்டிக் கொண்டு போனால் அவர்களுக்கும் எளிது, நமக்கும் எளிது. அதைவிட எளிய வழி, வாங்கிய காசை மிச்சமாகக் கொடுத்து ஓடவிடுவது. ஒரு வீதியில் நாலு கடை வாங்கினால் ஐந்தாவது கடையிலும் வாங்குவார்கள். காசு ஓடாததற்குக் காரணம் காசில் இல்லை. 'அவர் வாங்க மாட்டார்' என்று ஒவ்வொருவரும் அடுத்தவரைப் பற்றி நினைப்பதில்தான் இருக்கிறது.

வண்ணக்கர் தொழில்

காசைச் சோதிப்பதற்கென்றே நம் நாட்டில் ஆட்கள் இருந்தார்கள். சங்க காலத்தில் அவர்களுக்கு 'வண்ணக்கர்' என்று பெயர். வடம வண்ணக்கன் என்ற அடைமொழியோடு புலவர்களே இருந்திருக்கிறார்கள். பிற்காலத்தில் நோட்டக்காரர், சராப்பு என்றார்கள். காசைச் சுண்டி ஓசை கேட்டு, உரைத்துப் பார்த்து, நல்லது கெட்டது சொல்வது அவர்கள் தொழில். அந்தச் சோதனைக்குத்தான் 'நோட்டம்' என்று பெயர். இன்று திருட வருகிறவன் வீட்டை நோட்டம் பார்த்தான் என்று எழுதுகிறார்கள். அது நம் கடைவீதிச் சொல்!

வண்ணக்கர் சோதித்தது முதல் நாணயத்தை. இரண்டாவது நாணயத்தைச் சோதிப்பவர் யார்? வாடிக்கையாளர்தான். கடைக்கு வருகிற ஒவ்வொருவரும் நம்மைச் சுண்டிப் பார்க்கிறார்கள்.

கரிசல் வட்டாரத்தில் இது வெறும் அறிவுரையன்று. இங்கே ஆற்றுப் பாசனம் கிடையாது. புரட்டாசி, ஐப்பசியில் மழையை நம்பி உளுந்தும் பாசிப்பயறும் கம்பும் மக்காச்சோளமும் மல்லியும் பருத்தியும் விதைக்கிறார்கள். தை, மாசியில் வெள்ளாமை வீடு வந்த பிறகுதான் கையில் காசு. இடைப்பட்ட மாதங்களில் பருப்பும் எண்ணெயும் சோப்பும் எந்தக் காசில் வாங்குகிறார்கள்? நம் கடன் நோட்டில்தான். நாமும் விருதுநகரிலிருந்து சரக்கு எடுப்பது அதே முறையில்தான். ஆண்டில் பாதிக் காலம் இந்தச் சீமையில் ஓடுவது ரிசர்வ் வங்கிக் காசு அன்று. ஒருவர் மேல் ஒருவர் வைத்த நாணயம். அந்த அம்மாள் எத்தனையோ வருடம் ஐப்பசியில் எழுதிய கடனை மாசியில் பாக்கி இல்லாமல் தீர்த்தவர். அவர் தந்த நல்ல காசைத்தான் நம் கடை ஓடாது என்றது.

இப்போது கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு பலகை எழுதி மாட்டியிருக்கிறேன்: "பத்து ரூபாய், இருபது ரூபாய் நாணயங்கள் பெற்றுக்கொள்ளப்படும்." முதல் வாரம் காசு குவிந்தது. இரண்டாம் வாரம் அதையே மிச்சமாகக் கொடுத்தோம், வாங்கிக்கொண்டு போனார்கள். மூன்றாம் வாரம் பக்கத்துக் கடையிலும் வாங்கத் தொடங்கினார்கள். இப்போதெல்லாம் போனைக் காட்டிப் பணம் செலுத்துகிறவர்களே பாதிப் பேர். மிச்சம் கொடுக்கும் தொல்லை அவர்களிடம் இல்லை. ஆனால் சுருக்குப் பையோடு வருகிறவர்கள் இன்னும் வருகிறார்கள். அவர்களுக்குக் கடை என்றால் நாம்தான்.

வைகாசியில் அந்த அம்மாள் வந்தார். மிச்சத்துக்குப் பையன் இரண்டு பத்து ரூபாய்க் காசு கொடுத்தான். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது ஓடுமாய்யா?" என்று சிரித்தார்.

"நம்ம கடையிலே ஓடும் ஆச்சி" என்றான் பையன்.

நம் சங்கத்து உறுப்பினர்கள் அனைவருடைய கடையிலும் ஓட வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.